தூக்குச் சட்டியில் ஏலக்காய்: திருட்டு வழக்குகள் பற்றி வாசகர் கேள்விகள்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் திருட்டு வழக்குகளைப் பற்றியவை. கம்பம் பள்ளத்தாக்கில் இருந்து கொண்டு, பிழைப்புக்கு மலை ஏறிக் கேரளத்துக்குப் போய்வரும் நம் மக்களுக்கு இந்த வழக்குகளில் இரட்டைச் சிக்கல் உண்டு. சட்டம் ஒன்றுதான் என்றாலும், காவல் நிலையமும் நீதிமன்றமும் மொழியும் எல்லையின் அந்தப் பக்கத்தில் இருந்துவிடுகின்றன. ஆகவே இந்த இதழை முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: என் கணவர் வண்டன்மேடு பக்கம் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறார். தினமும் விடியற்காலையில் கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் போய்ச் சாயங்காலம் திரும்புவார். போன மாதம் அவருடைய தூக்குச் சட்டியில் இரண்டு கிலோ பச்சைக் காய் இருந்ததாகச் சொல்லி, எஸ்டேட் ஆபீசில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார்கள். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்கூடப் பெறாத காய்க்கு ஏழு வருடம் ஜெயில் என்கிறார்கள். ஐயாயிரத்துக்குக் கீழே என்றால் ஜெயிலே இல்லை என்று இன்னொருவர் சொல்கிறார். எது உண்மை?
– ஒரு வாசகி, கம்பம்

பதில்: சகோதரி, இருவர் சொன்னதும் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அவை வெவ்வேறு பிரிவுகளில் இருக்கின்றன. எந்தப் பிரிவில் வழக்கு எழுதப்பட்டிருக்கிறது என்பதில்தான் உங்கள் கணவருடைய நிலைமை அடங்கியிருக்கிறது. ஆகவே முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கி, அதில் உள்ள எண் 303-ஆ, 306-ஆ என்று முதலில் பாருங்கள்.

2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் 303-ஆம் பிரிவு சாதாரணத் திருட்டைப் பற்றியது. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒருமுறை தண்டனை பெற்றவர் மீண்டும் திருடித் தண்டிக்கப்பட்டால் ஓராண்டுக்குக் குறையாத, ஐந்தாண்டு வரையிலான கடுங்காவல். இதே பிரிவில்தான் அந்த ஐயாயிரம் ரூபாய்ச் சலுகை வருகிறது. திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் முறையாகத் தண்டிக்கப்படுகிறவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், அவருக்குச் சமூக சேவைதான் தண்டனை. அதாவது, நீதிமன்றம் குறிப்பிடும் பொதுவேலை ஒன்றைக் கூலியில்லாமல் செய்து கொடுக்க வேண்டும். அத்தகைய வழக்கில் நடுவரின் (மாஜிஸ்திரேட்டின்) உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்யவோ கைது செய்யவோ முடியாது. ஜாமீனும் உரிமையாகவே கிடைக்கும்.

306-ஆம் பிரிவு, பணியாளர் ஒருவர் தம் முதலாளியின் வசம் உள்ள பொருளைத் திருடுவதைப் பற்றியது. அதற்குத் தண்டனை ஏழாண்டு வரை சிறையும் அபராதமும். இங்கே ஐயாயிரம் ரூபாய்ச் சலுகை கிடையாது. வழியோடு போன அயலான் ஒருவன் வேலி தாண்டி வந்து அதே இரண்டு கிலோவைப் பறித்துக்கொண்டு போனால் சமூக சேவையோடு முடிய வாய்ப்புண்டு. பன்னிரண்டு வருடம் அங்கேயே உழைத்தவர் எடுத்தால் ஏழாண்டுப் பிரிவு பாய்கிறது. நம் சட்டம் திருட்டைத் தராசில் நிறுத்துத் தண்டிப்பதில்லை. யார் எடுத்தார், எங்கிருந்து எடுத்தார் என்பதையே பெரிதும் பார்க்கிறது. நம்பி வேலைக்கு வைத்தவருக்குத் துரோகம் என்ற கண்ணோட்டம் 1860-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து அப்படியே வந்திருக்கிறது. தண்டனைப் பிரிவில் பொருளின் மதிப்புக்கு இடம் தந்திருக்கும் புதுச் சட்டம், அந்த இடத்தைத் தோட்டத் தொழிலாளிக்கும் வீட்டு வேலைக்காரருக்கும் தராமல் விட்டது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனாலும் கதவு முழுக்க அடைபட்டுவிடவில்லை. உங்கள் கணவருக்குக் கூலி கொடுப்பது எஸ்டேட்டா, கங்காணியா, ஆள் அழைத்துப்போகும் ஒப்பந்தக்காரரா என்பதைத் தெளிவாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர் சட்டப்படி எஸ்டேட்டின் பணியாளர்தானா என்று வழக்கறிஞர் வாதாட அதில் இடமிருக்கிறது. அடுத்து, ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றம் என்பதற்காக உடனே கைது செய்தே தீர வேண்டும் என்பதில்லை. கைது ஏன் அவசியம் என்று போலீஸ் காரணம் எழுத வேண்டும். அவசியமில்லை என்றால் நேரில் வரச்சொல்லி நோட்டீஸ் கொடுத்தால் போதும். இதை உச்ச நீதிமன்றம் 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் வலியுறுத்திச் சொல்லியிருக்கிறது. எஸ்டேட் நிர்வாகம் சம்மதித்தால், 303-ஆம் பிரிவு வழக்கைப் பொருளின் உரிமையாளர் தாமே சமரசம் செய்து முடித்துக்கொள்ளலாம். 306 என்றால் நீதிமன்றத்தின் அனுமதியோடு முடித்துக்கொள்ளலாம். குற்றம் நிரூபணமானாலும்கூட, 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் பணியாளர் திருட்டையும் பெயர் சொல்லியே சேர்த்திருப்பதால், முன்பு தண்டனை எதுவும் பெறாதவரை எச்சரித்து அனுப்பிவிட நடுவருக்கு அதிகாரம் உண்டு. இந்த மனுவைப் போட மறந்துவிடும் வழக்கறிஞர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே நீங்களே நினைவூட்டுங்கள்.

இனி, எழுதி வாங்கிய தாள். போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. விசாரணையில் அவர்கள் பதிவு செய்யும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவும் கூடாது. ஆனால் எஸ்டேட் ஆபீசில் எழுதிக் கொடுத்தது போலீசிடம் கொடுத்ததாகாது. அதை எதிர்த்தரப்பு சாட்சியமாகக் கொண்டுவர முயலும். மிரட்டியோ, ‘எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுகிறோம்’ என்று ஆசை காட்டியோ வாங்கியிருந்தால் அதை ஏற்கக் கூடாது என்று வாதிடலாம். அன்று அறையில் யார் யார் இருந்தார்கள், என்ன மொழியில் எழுதப்பட்டது, படித்துக் காட்டினார்களா என்பதையெல்லாம் நினைவு மங்குவதற்குள் உங்கள் கணவரிடம் கேட்டுத் தேதியோடு குறித்து வையுங்கள்.

கேள்வி: செடியில் இருக்கும் காய் நிலத்தோடு சேர்ந்ததுதானே? அதைப் பறித்தால் எப்படித் திருட்டாகும்? எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் அது திருட்டே இல்லை என்கிறார்.
– ஒரு வாசகர், கூடலூர்

பதில்: பெரியவர் பாதி தூரம் சரியாகத்தான் வந்திருக்கிறார். திருட்டு என்பது அசையும் பொருளுக்கே உரியது. மண்ணோடு ஒட்டியிருக்கும் வரை மரமும் செடியும் அசையும் பொருள் ஆகா. ஆனால் வெட்டிப் பிரித்த அந்தக் கணத்திலேயே அவை அசையும் பொருளாகிவிடுகின்றன. பிரிக்கும் செயலே திருட்டாகவும் ஆகலாம் என்று சட்டம் விளக்கமே கொடுத்து, பிறர் நிலத்து மரத்தை வெட்டுபவனை உதாரணமும் காட்டியிருக்கிறது. ஏலக்காய்க்கும் அதே கதிதான்.

கேள்வி: குமுளி பஸ் ஸ்டாண்டு அருகே கிடந்த ஒரு செல்போனை என் தம்பி எடுத்து, சிம்மைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பயன்படுத்திக்கொண்டிருந்தான். இப்போது போலீஸ் கூப்பிடுகிறது. கீழே கிடந்ததை எடுப்பது திருட்டா?
– ஒரு வாசகர், உத்தமபாளையம்

பதில்: யாருடைய வசத்திலும் இல்லாமல் பொதுவழியில் கிடந்ததை எடுப்பது திருட்டாகாது. ஆனால் உரிமையாளரைக் கண்டுபிடிக்க வழியிருந்தும் தேடாமல் தனதாக்கிக்கொள்வது நேர்மையற்ற கையாடல் என்ற வேறொரு குற்றம். சிம்மைக் கழற்றியதுதான் உங்கள் தம்பிக்கு எதிரான முதல் சாட்சி. அந்தச் சிம்மை வைத்தே உரிமையாளரைக் கண்டுபிடித்திருக்கலாம் அல்லவா?

இதில் ஒரு விநோதத்தைச் சொல்லியாக வேண்டும். பழைய சட்டத்தில் கையாடலுக்கு இரண்டாண்டு வரை சிறை, அல்லது அபராதம் மட்டும் என்று இருந்தது. புதுச் சட்டத்தின் 314-ஆம் பிரிவு ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை என்று ஆக்கிவிட்டது. ஆக, நாலாயிரம் ரூபாய் போனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தவன் முதல் தடவையானால் சமூக சேவையோடு தப்பலாம். அதே போனைத் தரையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டவனுக்குக் குறைந்தது ஆறு மாதம். சட்டம் எழுதியவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களா என்று தெரியவில்லை. உங்கள் தம்பி போனை உடனே ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளட்டும். போனை யாரிடமாவது விற்றிருந்தால் அந்த விவரத்தை வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லட்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ வாங்குபவருக்கும் மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஆனால் அந்தப் பிரிவு கையாடிய பொருளுக்கும் பொருந்தும் என்பதைப் பழைய போன் வாங்கி விற்கும் கடைக்காரர்கள் பெரும்பாலும் அறிவதில்லை.

கேள்வி: தேனியிலிருந்து குமுளிக்குப் பஸ்ஸில் வரும்போது என் பையிலிருந்த மூன்று பவுன் சங்கிலி காணாமல் போனது. இறங்கிய பிறகுதான் தெரிந்தது. மேலே உள்ள ஸ்டேஷனில் கேட்டால் தமிழ்நாட்டில் போய்க் கொடு என்றார்கள். கீழே வந்தால் கேரளத்தில்தானே கவனித்தாய் என்கிறார்கள். நான் எங்கே போவேன்?
– ஒரு வாசகி, சின்னமனூர்

பதில்: எங்கும் போக வேண்டாம், அம்மா, எந்த ஸ்டேஷனில் நிற்கிறீர்களோ அங்கேயே கொடுக்கலாம். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்தாக வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. அதைத்தான் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்கிறார்கள். பதிந்த பிறகு உரிய ஸ்டேஷனுக்கு மாற்றுவது அவர்கள் வேலை. மின்னணு வழியாகவும் புகார் அனுப்பலாம். ஆனால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். நகல் இலவசம். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் நடுவர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். பயணத்தின்போது நடந்த குற்றத்தை, அந்த வண்டி கடந்து வந்த எந்தப் பகுதியின் நீதிமன்றமும் விசாரிக்கலாம். திருட்டுப் பொருள் கைப்பற்றப்பட்ட இடத்து நீதிமன்றத்துக்கும் அந்த அதிகாரம் உண்டு.

பயணிகள் வண்டியிலிருந்து பொருளைத் திருடுவது இப்போது வீட்டில் புகுந்து திருடுவதோடு சேர்த்து நியாய சன்ஹிதாவின் 305-ஆம் பிரிவில் வைக்கப்பட்டிருக்கிறது. தண்டனை ஏழாண்டு வரை. கோயில் சிலையும் அரசாங்கச் சொத்தும் அதே பிரிவில்தான். புகாரில் ‘பஸ் ஓடிக்கொண்டிருந்தபோது’ என்பதைத் தெளிவாக எழுதுங்கள். பஸ் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கழுத்திலிருந்து வெடுக்கென்று அறுத்துக்கொண்டு போயிருந்தால் அது 304-ஆம் பிரிவின் பறிப்பு. தண்டனை மூன்றாண்டு வரைதான். பறித்ததில் காயம் பட்டால் அதுவே வழிப்பறியாக மாறிப் பத்தாண்டுக்கு ஏறிவிடும்.

கேள்வி: என் அக்கா மகன் நியூயார்க்கில் படிக்கிறான். ஒரு கடையில் பணம் கொடுக்காமல் பொருளை எடுத்து வந்ததாக ‘பெட்டிட் லார்சனி’ என்று வழக்காம். இது என்ன குற்றம்? நம் ஊர்த் திருட்டும் இதுவும் ஒன்றா?
– ஒரு வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: லார்சனி என்பது பழைய ஆங்கிலச் சட்டத்தில் திருட்டுக்கு இருந்த பெயர். இங்கிலாந்தே 1968-ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டத்தில் அதைக் கைவிட்டுவிட்டது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மட்டும் இன்னும் புழங்குகிறது. அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித் தண்டனைச் சட்டம் இருப்பதால், நியூயார்க்குக்குச் சொல்வது பக்கத்து மாநிலத்துக்குப் பொருந்தாது.

நம் சட்டத்துக்கு நேர் எதிராக, அங்கே முதல் அளவுகோல் பொருளின் விலை. நியூயார்க்கில் 1,000 டாலர் வரை சிறு திருட்டு, அதாவது பெட்டிட் லார்சனி. உச்சத் தண்டனை 364 நாள் சிறை. ஆயிரத்தைத் தாண்டினால் பெருந்திருட்டு: நான்கு ஆண்டு வரை சிறை. 3,000 டாலருக்கு மேல் ஏழாண்டு வரை, 50,000-க்கு மேல் பதினைந்து வரை, பத்து லட்சம் டாலருக்கு மேல் இருபத்தைந்து ஆண்டு வரை என்று படி ஏறிக்கொண்டே போகும். விலை மட்டுமே எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது; கிரெடிட் கார்டைத் திருடினால் அதன் மதிப்பு என்னவானாலும் பெருந்திருட்டுதான்.

ஏன் ஒரு வருடம் என்று வைக்காமல் 364 நாள் என்று வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் உங்கள் அக்கா மகனுக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. திருட்டுக்கு ஓராண்டுத் தண்டனை விதிக்கப்பட்டால், வெளிநாட்டவர் விஷயத்தில் குடிவரவுச் சட்டம் அதைக் கடுங்குற்றமாகக் கணக்கிட்டு நாடு கடத்தும். அந்த ஒரு நாளைக் குறைத்து 2019-இல் திருத்தினார்கள். சிறை இல்லாவிட்டாலும், திருட்டு ஒழுக்கக்கேடான குற்றமாகக் கருதப்படுவதால் விசாவைப் பாதிக்கும். ஆகவே அவன் ‘குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடுகிறேன்’ என்று அவசரப்படவே கூடாது. குற்றத்தை ஒப்புக்கொள்வதால் நாடு கடத்தப்படும் ஆபத்து இருந்தால் அதை எடுத்துச் சொல்வது வழக்கறிஞரின் கடமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்திருக்கிறது. முதல் வழக்கு என்றால், ஆறு மாதம் ஒத்திவைத்து, இடையில் வம்பு எதுவும் இல்லையென்றால் தள்ளுபடி செய்யும் முறையும் நியூயார்க்கில் உண்டு. குற்றவியலோடு குடிவரவுச் சட்டமும் தெரிந்த வழக்கறிஞரை அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள். என்னுடைய ஆலோசனை அவனுக்குப் போதாது.

கேள்வி: பதினாறு வயது மகன் பக்கத்து வீட்டு பைக்கைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போடிமெட்டு வரை போய்விட்டுச் சாயங்காலம் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். அவர்கள் திருட்டு என்று புகார் கொடுத்திருக்கிறார்கள். திருப்பிக் கொடுத்த பிறகு எப்படித் திருட்டாகும்?
– ஒரு தந்தை, போடி

பதில்: திருப்பிக் கொடுத்தால் திருட்டில்லை என்ற எண்ணம் ஊரெங்கும் இருக்கிறது, அது தவறு. 1952-இல் ஜோத்பூரில் விமானப்படைப் பயிற்சி மாணவர்கள் இருவர் அனுமதியில்லாத விமானம் ஒன்றை எடுத்துப் பறந்து பாகிஸ்தானில் போய் இறங்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் எண்ணம் வேண்டியதில்லை, நேர்மையற்ற எண்ணத்தோடு தற்காலிகமாக எடுத்தாலும் திருட்டே என்று 1957-இல் கே.என். மெஹ்ரா வழக்கில் தீர்ப்பாயிற்று. அதே நேரத்தில், உரிமையாளரின் மறைமுகச் சம்மதம் இருப்பதாக நம்பி எடுத்தால் அது திருட்டாகாது. நண்பரின் புத்தக அலமாரியிலிருந்து அவர் இல்லாதபோது படிக்க எடுப்பவனைச் சட்டமே உதாரணமாகச் சொல்கிறது. பக்கத்து வீட்டார் இதற்கு முன் பையனிடம் வண்டியைக் கொடுத்து அனுப்பியதுண்டா? இருந்தால் அதுவே உங்கள் பதில்.

பதினெட்டு வயது நிறையாததால் அவனைச் சாதாரண நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் விசாரணை. லாக்கப்பில் வைக்கவோ கைவிலங்கு இடவோ கூடாது. விசாரணையின் முடிவு எதுவானாலும் அது அவனுடைய பிற்கால வேலைக்குத் தடையாக வராமல் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் காக்கிறது. (உரிமம் இல்லாமல் ஓட்டியது தனி விவகாரம். அதில் சிக்கிக்கொள்வது பையன் மட்டுமாக இருக்காது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.)

கேள்வி: எங்கள் ஊர் பைக் ஒன்று திருடு போய், கேரளத்தில் ஒரு ஸ்டேஷனில் கிடைத்துவிட்டது. வழக்கு முடிந்தால்தான் தருவோம் என்கிறார்கள். மழையில் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது.
– ஒரு வாசகர், கோம்பை

பதில்: வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வண்டிகளை ஸ்டேஷன் வாசலில் நெடுங்காலம் போட்டு வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே சொல்லிவிட்டது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-ஆம் பிரிவு, பொருள் நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்தப்பட்ட 14 நாளுக்குள் விவரப் பட்டியலும், அதன்பின் 30 நாளுக்குள் உத்தரவும் வேண்டும் என்று காலக்கெடு வைத்திருக்கிறது. ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், உங்கள் புகாரின் நகல் ஆகியவற்றோடு, அந்த ஸ்டேஷன் எந்த நடுவர் நீதிமன்றத்துக்கு உட்பட்டதோ அங்கே மனுச் செய்யுங்கள். பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வண்டியை இடைக்காலமாக ஒப்படைப்பார்கள். விசாரணை முடியும்வரை விற்கவோ நிறத்தை மாற்றவோ வேண்டாம்.

கேள்வி: நாங்கள் பீர்மேட்டில் தேயிலைத் தோட்ட லயத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். மகன் மீதான திருட்டு வழக்கில் வந்த சம்மன் மலையாளத்தில் இருக்கிறது. கோர்ட்டில் பேசுவதும் புரியவில்லை.
– ஒரு தாய், பீர்மேடு

பதில்: புரியவில்லை என்பதற்காகச் சம்மனை வீட்டில் வைத்துவிடாதீர்கள், போகாவிட்டால் வாரண்ட் வந்துவிடும். குறித்த தேதியில் மகன் ஆஜராகி, ‘எனக்குத் தமிழ்தான் தெரியும்’ என்று நடுவரிடமே சொல்லட்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால், அவருக்குப் புரியும் மொழியில் திறந்த நீதிமன்றத்தில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. மேலும், 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், அங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள உள்ளூர் அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழிலேயே வர வேண்டும் என்கிறது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லையென்றால் சட்டப்பணிகள் ஆணையத்தின் 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். காவலில் இருப்பவருக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் தருவார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. கேட்கும்போதே, தமிழ் தெரிந்த வழக்கறிஞர் வேண்டும் என்று சேர்த்துக் கேளுங்கள். மலை நீதிமன்றங்களில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை.